மங்கும் தேமலும் ஒன்றல்ல: தோலில் நிறம் மாறுவது எங்கே, எதனால்?

மருந்துக் கடையில் போய் "முகத்துல கருப்பா இருக்குண்ணா, ஏதாவது க்ரீம் குடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே வகை ட்யூப்தான் கைக்கு வரும். கேட்டவருக்கு இருப்பது கர்ப்ப காலத்தில் வந்த மங்காக இருக்கலாம். பரு ஆறிய இடத்துக் கருமையாக இருக்கலாம். தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் கன்னத்தில் படிந்ததாக இருக்கலாம். சர்க்கரை நோய்க்கு முன்னோட்டமாகக் கழுத்தில் தொடங்கி முகம் வரை ஏறியதாகவும் இருக்கலாம். நான்குக்கும் காரணம் வேறு, நிறமி தங்கியிருக்கும் ஆழமும் வேறு. ஒன்றுக்குக் கேட்கும் மருந்து இன்னொன்றைக் கெடுத்துவிடும். தோல் மருத்துவர்களிடம் வரும் முகக் கருமைகளில் கணிசமானவை, தானாகவே மங்கிப் போயிருக்க வேண்டியவை; தவறான களிம்பால் நிலைத்துவிட்டவை.

ஆகவே நிறம் எங்கே உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். மேல்தோலின் அடி அடுக்கில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை, டைரோசினேஸ் என்ற நொதியின் உதவியால் மெலனின் நிறமியாக மாற்றுவது இவற்றின் வேலை. ஒவ்வொரு மெலனோசைட்டும் கிளைகளை நீட்டி, சுற்றியுள்ள ஏறத்தாழ 36 தோல் செல்களுக்கு நிறமியைச் சிறு பொட்டலங்களாகக் கொடுக்கிறது. கருத்த தோல் உள்ளவருக்கும் வெளுத்த தோல் உள்ளவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றே. பொட்டலத்தின் அளவும், அது செல்லுக்குள் எவ்வளவு நாள் சிதையாமல் நிற்கிறது என்பதும்தான் வேறுபடுகின்றன. நம்முடைய தோலில் பொட்டலம் பெரியது. அதனால் வெயிலைத் தாங்கும் திறன் கூடுதல். ஆனால் ஒரு கொசுக்கடி, ஒரு பரு, ஒரு உராய்வு போதும், அந்த இடம் கருத்துவிடும்.

மேல்தோல் சுமார் ஒரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல் நாளாகும். நிறமி மேல்தோலிலேயே இருந்தால், புதிய உற்பத்தியை நிறுத்தினால் போதும், பழையது செத்த செல்களோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். ஆனால் அழற்சியால் அடி அடுக்கு உடைந்தால் நிறமி கீழே, உள்தோலுக்குள் கொட்டிவிடுகிறது. அங்கே அதைத் துப்புரவு செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. உதிர்ந்து போக வழியில்லை. ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். மேலே பூசும் களிம்பு உற்பத்தியைத்தான் குறைக்கும். கொட்டிக் கிடப்பதை அள்ளாது.

ஆழத்தை ஓரளவு கண்ணாலேயே கணிக்கலாம். மேல்தோல் நிறமி பழுப்பாக, விளிம்பு தெளிவாகத் தெரியும். உள்தோல் நிறமி சாம்பல் அல்லது நீலம் கலந்து, விளிம்பு கரைந்தாற்போல் இருக்கும். நிறமி இரண்டும் ஒன்றேதான். ஆழத்திலிருந்து திரும்பும் ஒளி சிதறுவதால் நீலமாகத் தெரிகிறது. பிறந்த குழந்தையின் இடுப்பிலும் புட்டத்திலும் தெரியும் நீலத் திட்டும் இப்படித்தான்: மெலனோசைட்டுகள் மேலே ஏறாமல் உள்தோலிலேயே நின்றுவிட்டவை. அது அடிபட்ட கன்றல் இல்லை. பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மறைந்துவிடும்.

மங்கு

இரு கன்னம், நெற்றி, மூக்கின் மேல், மேலுதடு. பெரும்பாலும் இருபுறமும் ஒத்த வடிவில் பழுப்புத் திட்டாக வந்தால் அது மங்கு. அரிப்போ எரிச்சலோ இருக்காது. அரித்தால் வேறு எதையாவது சந்தேகிக்க வேண்டும். பெண்களுக்கே மிக அதிகம். கர்ப்பம், கருத்தடை மாத்திரை இரண்டும் தூண்டுகோல்கள். வெயிலில் வேலை செய்யும் ஆண்களுக்கும் வருகிறது. குடும்பவழி நாட்டம் உண்டு. "கல்லீரல் கெட்டுப்போச்சு, அதான் மங்கு" என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை.

மங்கு விஷயத்தில் பலர் தோற்பது ஒளியிடம். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நீல ஊதாப் பகுதியும் நம்முடைய நிறத் தோலில் கருமையைத் தூண்டுகிறது. வெள்ளையாகப் பூசி மறைந்துபோகும் சாதாரண சன்ஸ்க்ரீன் பெரும்பாலும் புற ஊதாவைத்தான் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்க இரும்பு ஆக்சைடு வேண்டும். அதுதான் நிறம் கலந்த சன்ஸ்க்ரீன்களில் இருக்கும் தோல்நிறப் பொடி. மங்கு உள்ளவர்கள் வாங்கும்போது உட்பொருள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாகவும் புற ஊதா-ஏ கதிர் உள்ளே வரும். பேருந்தின் ஜன்னலோரத்தில் தினமும் இரண்டு மணி நேரம் பயணிப்பவருக்கு "நான் வெயில்லயே போறதில்ல" என்ற ஆறுதல் பொருந்தாது.

அளவிலும் பிசகுகிறது. சன்ஸ்க்ரீன் உறையில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் சோதிக்கப்பட்டது. முகத்துக்கும் கழுத்துக்கும் அது எவ்வளவு என்றால், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கிய இரண்டு கோடுகள். பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்த்தால் உறையில் சொன்ன பாதுகாப்பில் சிறு பங்குதான் கிடைக்கும். எஸ்பிஎஃப் 30 போதும். கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பு பூசி, வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்வை வழிந்தால் அதற்கு முன்பே. குடையும் அகல விளிம்புத் தொப்பியும் இதோடு சேர வேண்டும்.

மருந்துகளில் பழையதும் வலியதும் ஹைட்ரோகுவினோன். டைரோசினேஸைத் தடுக்கும். 2 முதல் 4 சதவீதக் களிம்பை இரவில், திட்டின் மேல் மட்டும், மூன்று நான்கு மாதம் வரை மருத்துவர் சொல்லிப் பயன்படுத்துவது வழக்கம். அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் பூசிக்கொண்டே போனால் ஓக்ரோனோசிஸ் என்ற மோசமான விளைவு வரலாம்: கன்ன எலும்பின் மேல் கடுகு தூவினாற்போல் நீலக்கருப்பு மணிகள். வெளுக்க வேண்டி வாங்கிய மருந்தே தோலைக் கருக்கி, அது பெரும்பாலும் முழுதாக மாறுவதும் இல்லை.

மெல்ல வேலை செய்தாலும் பத்திரமானது அசெலாயிக் அமிலம், 15 அல்லது 20 சதவீதம். கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கப்படுவது. முதல் இரண்டு வாரம் குறுகுறுப்பும் லேசான எரிச்சலும் இருக்கும். பலன் தெரிய மூன்று நான்கு மாதமாகும். இந்த அமிலம் எங்கிருந்து கவனத்துக்கு வந்தது என்பதைத் தேமல் பகுதியில் சொல்கிறோம், அது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை 250 மில்லிகிராம் இருவேளை என்று சில வாரங்களுக்குத் தரப்படுவதுண்டு. ரத்தப்போக்கை நிறுத்தும் மாத்திரை அது. கருத்தடை மாத்திரை எடுப்பவர், முன்பு ரத்தக்கட்டு வந்தவர், புகைப்பவர் ஆகியோருக்கு ஆபத்து. அக்கா சாப்பிட்டுக் கேட்டது என்று தங்கை வாங்கிச் சாப்பிடக் கூடாத மாத்திரை.

மங்கு திரும்ப வரும். கர்ப்பத்தில் வந்தது பிரசவமாகி ஓராண்டுக்குள் பலருக்குத் தணியும், சிலருக்கு நிற்கும். லேசர் செய்துகொண்டு ஒரே மாதத்தில் முன்பைவிடக் கருத்தவர்கள் உண்டு. சூடும் அழற்சியும் மெலனோசைட்டை மறுபடி உசுப்பிவிடுவதால் வரும் வினை அது. மங்குக்கு லேசர் முதல் மருத்துவம் ஆகாது.

அந்த ட்யூபுக்குள் என்ன இருக்கிறது

முதலில் சொன்ன மருந்துக்கடைக் களிம்புக்கு வருவோம். மங்குக்கான மூன்று மருந்துக் கலவை 1975ல் அமெரிக்காவில் வெளியானது: ஹைட்ரோகுவினோன், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த டிரெட்டினோயின், ஒரு ஸ்டீராய்டு. மற்ற இரண்டின் எரிச்சலைத் தணிப்பது ஸ்டீராய்டின் வேலை. சுமார் எட்டு வாரத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் என்பதுதான் கணக்கு. இந்தியாவில் இதே கலவை மொமெட்டசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டோடு சிவப்பழகு க்ரீம் போலக் கைமாறுகிறது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் களிம்புகளும் அப்படியே.

ஸ்டீராய்டு ஏன் இப்படி ஆளைக் கட்டிப்போடுகிறது என்றால், முதல் மூன்று வாரம் நிஜமாகவே முகம் பளிச்சென்று ஆகும். ரத்தக்குழாய் சுருங்குகிறது, நிறமி உற்பத்தி குறைகிறது, சின்னப் பருக்கள் அடங்குகின்றன. இரண்டு மூன்று மாதத்தில் தோல் மெலிந்து, உள்ளே நூல்போன்ற சிவப்புக் குழாய்கள் தெரியும். கொத்தாகப் பரு வரும். தாடையோரம் முடி முளைக்கும். பயந்து நிறுத்தினால் இரண்டு நாளில் முகம் சிவந்து எரியும். மறுபடி பூசினால் அடங்கும். "இந்த க்ரீம் போட்டாதான் எனக்கு ஒத்துக்குது" என்று அதையே நம்பத் தொடங்கும் இடம் இதுதான். எரிச்சலைக் கொடுத்ததும் அதே க்ரீம்தான் என்பது அப்போது தெரியாது. இந்திய தோல் மருத்துவர்கள் இந்த முகத்துக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: ஸ்டீராய்டால் சிதைந்த முகம். 2018 மார்ச்சில் இந்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்று அறிவித்தது. ஆயினும் கேட்டால் கிடைக்கிறது.

ட்யூபைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃப்ளூவோசினோலோன், ட்ரையாம்சினோலோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருந்து, மருத்துவர் எழுதித் தராமல் முகத்தில் பூசிக்கொண்டிருந்தால், தோல் மருத்துவரைப் பாருங்கள். மாதக்கணக்கில் பூசியதைச் சட்டென்று நிறுத்தாமல் வீரியம் குறைந்ததற்கு மாறிப் படிப்படியாக விடும் முறையை அவர் சொல்வார்.

உட்பொருள் பட்டியலே இல்லாத, தயாரித்தவர் முகவரி இல்லாத வெளுப்பு க்ரீம்கள் இன்னும் மோசம். அவற்றில் பாதரச உப்பு இருக்கக்கூடும். அதுவும் டைரோசினேஸைத் தடுத்து வெளுக்கவைக்கும். ஆனால் தோல் வழியே உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தின் வடிகட்டியைத் தாக்கும். 2023ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் கொட்டும் நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். காலும் கண்ணிமையும் வீங்குவது, சிறுநீர் நுரைப்பது இதன் அறிகுறிகள். க்ரீமை நிறுத்தி, அதே ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆறிய இடத்தில் மிஞ்சும் கருமை

பரு, கொசுக்கடி, கரப்பான் (எக்சிமா), சூடு, அம்மை: எது ஆறினாலும் நம் தோலில் கருமை மிச்சமிருக்கும். பள்ளமோ மேடோ இல்லாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் அது தழும்பு அல்ல. மேல்தோல் கருமை சில மாதங்களில் கரையும். கிள்ளிய பரு, நகத்தால் சொறிந்த கடி ஆகியவற்றில் நிறமி கீழே இறங்கிவிடுவதால் ஆண்டுகள் ஆகும். கருமைக்கு மருந்து தேடுவதற்கு முன்னால் புதிதாகப் பரு வருவதை நிறுத்த வேண்டும். மேலே வந்துகொண்டே இருக்கும்போது கருமையை மட்டும் தேய்ப்பது ஓட்டைத் தொட்டியில் நீர் இறைப்பது போல.

வீட்டு வைத்தியத்தில் எலுமிச்சைச் சாற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். எலுமிச்சை இனத் தோலிலும் சாற்றிலும் சோராலென் வகைப் பொருள்கள் உண்டு. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் ஒன்றிரண்டு நாளில் சிவந்து, கொப்புளமாகி, பிறகு சாறு வழிந்த வடிவத்திலேயே கருத்துப்போகும். வெளுக்கப் பூசியது கருக்க வைக்கும். இதே சோராலென்தான் கார்போகரிசியிலும் இருக்கிறது. வெண்புள்ளிக்கு நம் நாட்டு மருத்துவத்தில் அந்த விதை நெடுங்காலமாகப் பயன்படுவதன் காரணமும் அதுவே. அதை அளவு தெரியாமல் பூசி வெயிலில் நின்றாலும் தோல் வெந்துவிடும்.

நாட்டு மருந்து என்ற பெயரில் மச்சத்துக்கும் மருவுக்கும் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பார்கள். காரம் தோலை அரித்துப் புண்ணாக்கும். மரு போகும், கருத்த குழியோ தடித்த தழும்போ மிஞ்சும்.

சில கருமைகள் தடயம் சொல்லும். நெற்றி நடுவில் பொட்டு வைக்கும் இடத்திலும் வகிட்டிலும் மட்டும் கருத்திருந்தால், குங்குமத்தில் கலந்த செயற்கைச் சாயம் காரணமாக இருக்கலாம். மஞ்சளில் சுண்ணாம்பும் எலுமிச்சையும் சேர்த்துச் செய்யும் குங்குமம் வேறு. கடைப் பொடியில் சிவப்புக்காகச் சேர்க்கும் அசோ சாயம் வேறு. காதோரம், நெற்றி விளிம்பு, கழுத்துப் பக்கங்கள் சாம்பல் கலந்து கருத்தால் தலைச்சாயத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதிலுள்ள பாரா ஃபீனைலீன் டையமின் பலருக்கு ஒவ்வாமை தரும். அரித்துச் சிவப்பதுதான் ஒவ்வாமை என்று நினைக்கிறோம்; சிலருக்கு அரிப்பே இல்லாமல் நேராகக் கருமை மட்டும் வரும். 'கருப்பு மருதாணி' என்று விற்பதிலும் இந்தப் பொருள் சேர்க்கப்படுவது உண்டு. நிறுத்தாமல் எந்த மருந்தும் கேட்காது. நிறுத்திய பிறகும், நிறமி ஆழத்தில் இருப்பதால், குறைய மாதங்கள் பிடிக்கும்.

காசளவு வட்டமாக, கருநீலமாக ஒரு திட்டு. சில மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் சிவந்து எரிந்து மறுபடி கருக்கிறது. இது மாத்திரை ஒவ்வாமை. உதட்டிலும் பிறப்புறுப்பிலும் அடிக்கடி வரும். கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், மெட்ரோனிடசோல், சில வலி மாத்திரைகள் வழக்கமான குற்றவாளிகள். எரிவதற்கு முந்தைய இரண்டு நாளில் எந்த மாத்திரை விழுங்கினீர்கள் என்று யோசித்தால் பெயர் கிடைத்துவிடும். அந்தப் பெயரைச் சீட்டில் எழுதிப் பர்சிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்; மறுபடி எடுத்தால் திட்டுகளின் எண்ணிக்கை கூடும்.

சிக்குன்குனியா காய்ச்சல் விட்டபின் மூக்கு நுனியும் கன்னமும் கருத்துப்போவது தமிழ்நாட்டில் பலர் பார்த்தது. சில மாதங்களில் தானே போகும். விரல் முட்டிகளும் உள்ளங்கை ரேகைகளும் கருத்து, கூடவே அசதியும் கைகால் மரமரப்பும் இருந்தால் பி12 அளவைப் பார்க்க வேண்டும், முக்கியமாகச் சைவ உணவுக்காரர்கள். குறையை ஈடுசெய்தால் நிறம் திரும்பும்.

கழுத்துக் கருமையும் முதுகுக் கருமையும்

பின்கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்கள் தடித்து, வெல்வெட் துணிபோலத் தொட்டால் தெரியும்படி கருத்திருந்தால் அது அழுக்கு இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போது கழுத்தைச் சுரண்டிச் சுரண்டித் தேய்த்து, போகவில்லை என்று அதட்டும் வீடுகள் ஏராளம். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் தோல் செல்களின் வளர்ச்சி ஏற்பிகளையும் தூண்டிவிடுகிறது. தோல் பெருகித் தடிக்கிறது. கருப்பாகத் தெரிவதில் பெரும்பங்கு இந்தத் தடிப்புதான். சோப்பு மாற்றுவதைவிடச் செய்ய வேண்டியது, வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியும் பார்ப்பது. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்பதாகப் பொருள். மாதவிடாய் ஒழுங்கில்லாத இளம்பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிச் சோதனையும் தேவை. எடை குறையக் குறையக் கழுத்து மெலிந்து வெளுக்கும். களிம்பு வெறும் துணைதான். வயதானவருக்கு, எடை கூடாமல், திடீரென்று இப்படி வேகமாகக் கருத்தால் வயிற்றுப் புற்றுநோய் போன்றவற்றைத் தேட வேண்டும்.

மேல்முதுகிலும் முன்கையிலும் கெண்டைக்காலிலும் மணலில் காற்று வரைந்த அலைபோலச் சாம்பல் பழுப்புக் கோடுகள் இருந்தால், குளியலறையில் நைலான் நார் தொங்குகிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கணக்கில் உரசி உரசி, மேல்தோல் செல்களின் புரதம் சிதைந்து கீழே படிகிறது. கருப்பாக இருக்கிறதே என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்ப்பதை நிறுத்துவதுதான் முதல் மருந்து.

வெள்ளைத் திட்டு: ஒரே சொல், நான்கு நோய்

ஊர் வழக்கில் வெளிறிய எதையும் 'தேமல்' என்றுவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு விதி கொண்ட நான்கு நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

உண்மையான தேமல் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சையால் வருவது. எல்லார் தோலிலும் இருப்பது. எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்வது. வியர்வையும் வெக்கையும் கூடும்போது பெருகி மார்பு, முதுகு, கழுத்தில் சின்னச் சின்ன வட்டமாகிப் பிறகு ஒன்றுசேரும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடு மாதிரி நுண்பொடி உதிரும். இந்தப் பொடிதான் அடையாளம். பூஞ்சை உண்டாக்கும் அமிலங்களில் ஒன்று டைரோசினேஸைத் தடுத்து அந்த இடத்தை வெளிறச் செய்வதாக 1970களில் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அதுதான் அசெலாயிக் அமிலம். தேமல் ஏன் வெளுக்கிறது என்று தேடப் போய் மங்குக்கு மருந்து கிடைத்தது.

மருத்துவம் எளிது. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை ஈரத் தோலில், திட்டு இருக்கும் இடத்தில் மட்டும் அல்லாமல், கழுத்திலிருந்து இடுப்பு வரை பூசி 5 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். மூன்று முதல் ஐந்து நாள். செலினியம் சல்ஃபைடு 2.5 சதவீதம் என்றால் 10 நிமிடம், ஏழு நாள். கீட்டோகோனசோலை மாத்திரையாக விழுங்கக் கூடாது, கல்லீரலுக்குக் கேடு. உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பதை அதுவரை நிறுத்திவைக்கலாம். பூஞ்சைக்கு அது தீனி. பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதற்குப் பிறகு: பூஞ்சை செத்தாலும் நிறம் திரும்ப இரண்டு மூன்று மாதமாகும். சுரண்டினால் பொடி உதிராவிட்டால் நோய் போய்விட்டது. வெள்ளை மட்டும் இருக்கிறதே என்று மருந்தை நீட்டிக்க வேண்டியதில்லை. கோடை வந்தால் மறுபடி வரும். மாதம் ஒருமுறை அதே ஷாம்பூ போதும்.

குழந்தைகளின் கன்னத்தில், விளிம்பு தெளியாமல், லேசாக வறண்டு வெளிறும் திட்டு வயிற்றுப் பூச்சியாலும் வருவதில்லை, கால்சியம் குறைவாலும் வருவதில்லை. இது லேசான கரப்பான் வகை. வறண்ட தோலுள்ள குழந்தைகளுக்கு, வெயில் பட்டுச் சுற்றுத்தோல் கருக்கும்போது எடுப்பாகத் தெரியும். குளித்த மூன்று நிமிடத்துக்குள் ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் தடவுவதே பெரும்பாலும் போதும்.

வெண்புள்ளி பால்போல வெள்ளை, விளிம்பு கூர்மை, பொடி உதிராது, உணர்ச்சி இருக்கும், திட்டுக்குள் உள்ள முடியும் நரைக்கலாம். உடலின் தற்காப்பு அணுக்களே மெலனோசைட்டுகளை அழிப்பதால் வருவது. தொற்றாது. உலக மக்களில் 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு உண்டு. முன்பு வழங்கிய 'வெண்குஷ்டம்' என்ற சொல் இதைத் தொழுநோயோடு முடிச்சுப் போட்டுப் பல திருமணங்களைக் கெடுத்தது. அந்தச் சொல்லை விட்டு வெண்புள்ளி என்றே வழங்க வேண்டும் என்பது வெறும் நாகரிகப் பேச்சு இல்லை, நோயின் உண்மையே அதுதான். டாக்ரோலிமஸ் களிம்பு, வாரம் இரண்டு மூன்று முறை 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி ஆகியவை முக்கிய மருத்துவம், மாதக்கணக்காகும். நிறம் திரும்பும்போது முடிக்காலைச் சுற்றிச் சிறு புள்ளிகளாகத் தொடங்கும், ஏனென்றால் மிச்சமுள்ள மெலனோசைட்டுகள் முடிவேரில்தான் ஒதுங்கியிருக்கின்றன. முடியில்லாத விரல் நுனி, உதடு ஆகியவை மசிவது கடினம் என்பதும் இதனால்தான். புளி, மீன், பால் என்று தட்டிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

வெண்புள்ளி போன்ற வெளுப்பு வெளியிலிருந்தும் வரலாம்: நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் வட்டத்தில் மட்டும், அல்லது ரப்பர் செருப்பின் வார் பதியும் இடத்தில் மட்டும் வெளுத்தால், காரணம் பசையிலும் ரப்பரிலும் உள்ள ஃபீனால் வகை வேதிப்பொருள்கள். பொட்டில் பெரும்பாலும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால். மெலனோசைட்டுக்கு அது நஞ்சு. உடனே நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்பு நல்லது. நிறுத்தாவிட்டால் தொடாத இடங்களுக்கும் வெண்புள்ளியாகப் பரவக்கூடும்.

நான்காவது தொழுநோய். வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டு, பால்வெள்ளை ஆகாது, அரிக்காது, வறண்டு, வியர்க்காது, முடி குறையும். முக்கியம் உணர்ச்சி. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் திட்டையும் நல்ல தோலையும் மாற்றி மாற்றித் தொட்டு, பட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். திட்டில் தொடுவது தெரியாவிட்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். முகத்துத் திட்டில் நரம்புகள் அதிகமாதலால் உணர்ச்சி மிச்சமிருக்கலாம். அதை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கூட்டு மருந்து இலவசம். ஐந்து திட்டு வரை, நரம்பு பரவலாகப் பாதிக்காமல் இருந்தால், 6 மாதம். அதற்கு மேல் 12 மாதம். மாத்திரையில் ஒன்றான க்ளோஃபசிமைன் தோலைச் சிவப்புக் கலந்து கருக்க வைக்கும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் விடுபவர்கள் உண்டு. மருந்து முடிந்தபின் அந்த நிறம் மெல்லக் குறைந்துவிடும். ஆனால் நரம்பு போனால் விரல் பழைய நிலைக்குத் திரும்பாது.

நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் முன்கையிலும் முழங்காலுக்குக் கீழும் அரிசி அளவில் தூவினாற்போல் வரும் வெண்பொட்டுகள் இவற்றில் எதுவும் இல்லை. வயதும் வெயிலும் சேர்ந்த வேலை. விட்டுவிடலாம்.

மச்சமும், பார்க்க வேண்டிய ஒரே கருப்பும்

கன்னத்திலும் கண்ணோரத்திலும் முப்பது வயதுக்கு மேல் கடுகளவில் எழும் கரும்பருக்கள் குடும்பவழி வருவன. தீங்கில்லை, வேண்டுமானால் தோல் மருத்துவர் மின்சூட்டால் எடுத்துவிடுவார். வயதானவர் முதுகில் மெழுகு ஒட்டிவைத்தாற்போலத் தெரியும் பழுப்புத் தடிப்புகளும் அப்படியே. மச்சம் ஒரே அளவில், ஒரே நிறத்தில், இரண்டு பக்கமும் ஒத்து இருக்கும்வரை கவலை இல்லை.

நம் போன்ற நிறத் தோலில் மெலனோமா புற்றுநோய் குறைவு. ஆனால் வரும்போது அது வெயில் படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. யாரும் பார்க்காத இடமாதலால் தாமதமாகத் தெரிகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977ல் கால் கட்டைவிரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது இதுவே. பந்து விளையாட்டில் பட்ட அடி என்று முதலில் நினைத்தார்கள். 1981ல், 36 வயதில் இறந்தார். உள்ளங்காலில் புதிதாகத் தோன்றி, விளிம்பு ஒழுங்கற்று, 6 மில்லிமீட்டரைத் தாண்டி வளரும் கருப்பைக் காட்டியே ஆக வேண்டும்.

நகத்தில் கருங்கோடு கருத்த தோலுள்ள பலருக்குப் பல விரல்களில் இயல்பாகவே இருக்கும். ஒரே நகத்தில், குறிப்பாகக் கட்டைவிரலில், புதிதாக வந்து, 3 மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, கருமை நகக்கண் தோலுக்கும் பரவினால் அது வேறு. அடிபட்ட ரத்தக்கட்டா என்று சந்தேகமிருந்தால், கருமையின் அடி விளிம்பில், வேர்ப்பக்கமாக, நகத்தின் மேல் பிளேடால் மெல்லிய கீறல் ஒன்று போட்டுத் தேதி குறித்துக்கொள்ளலாம். கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வளரும். ரத்தக்கட்டானால் கீறலோடு சேர்ந்து முன்னால் நகர்ந்து, பின்னால் வெள்ளை நகம் முளைக்கும். இரண்டு மாதம் கழித்தும் கீறலுக்குப் பின்னால் வேரிலிருந்து கருப்பாகவே முளைத்து வந்தால், தோல் மருத்துவரிடம் நகத்தடிச் சதைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். கருமை நகக்கண் தோலைத் தொட்டிருந்தால் இரண்டு மாதம் காத்திருக்கவும் கூடாது.